இரண்டு சிவப்பு நூல்

இந்த நாற்காலியின் பின்னங்கால் ஒன்று ஆடுகிறது, ஐயா. நீங்கள் அந்தப் பக்கம் உட்காருகிறவர், கவனித்திருக்க மாட்டீர்கள். ஒரு மரச்சிம்பைச் சீவி, பசை தடவி, மூட்டுக்குள் தட்டி இறக்கினால் போதும், ரொம்ப வருஷத்துக்கு அசையாது. பிறகு நானே செய்து தருகிறேன். ஆடுகிற பொருளில் உட்கார்ந்து பேசினால் எனக்குப் பேச்சும் சேர்ந்து ஆடும்.

என் வாக்குமூலம் என்று நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டியதற்கு நன்றி. ஒரு இடத்தில்கூடத் தடுமாறாமல் வாசித்தீர்கள். ஆனால் நடுவில் "பழுது பார்த்தவரின் கவனக்குறைவு" என்று வருகிறது. அதை மட்டும் அடித்துவிடுங்கள். அந்த வார்த்தை இருந்தால் எனக்கு நல்லது என்று உங்கள் ஆள் ஒருவர் டீ கொடுக்கும்போது காதில் ஓதினார். நல்ல மனுஷர், டீயும் நன்றாக இருந்தது. ஆனாலும் நான் துப்பாக்கி பழுது பார்க்கிறவன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறேன். கவனம் இல்லாதவன் என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் பார்த்த வேலையில் கவனக்குறைவு என்று நீங்கள் ஒரு தூசியைக்கூடக் காட்ட முடியாது. அதை விளக்கத்தான் வாய் திறக்கிறேன்.

முதலில் அந்தத் துப்பாக்கி. அது என் மாமனாருடையது. அவருக்கு அவருடைய அப்பாவிடமிருந்து வந்தது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழல். பின்பக்கம் மேலே, முயல் காதை விடைத்த மாதிரி இரண்டு சுத்திகள் நிமிர்ந்து நிற்கும். அதை நாங்கள் குதிரை என்போம். வலது குழலுக்கு ஒரு குதிரை, இடது குழலுக்கு ஒரு குதிரை. கட்டைவிரலால் பின்னால் இழுத்தால் குதிரை ஏறி நிற்கும்; விசையைத் தொட்டால் விழுந்து தோட்டாவின் முதுகில் அறையும். ஏறி நிற்பதற்கும் விழுவதற்கும் நடுவில் பாதி ஏற்றம் என்று ஒரு நிலை உண்டு. குதிரையின் அடியில் ஒரு சின்ன வெட்டு அதைப் பிடித்துக்கொள்ளும்; அதில் வைத்துவிட்டால் இடித்தாலும் முட்டினாலும் குதிரை விழக்கூடாது. துப்பாக்கியில் தோட்டா போட்டு வைத்திருக்கிறவன் உயிர் அந்தச் சின்ன வெட்டில்தான் மாட்டியிருக்கிறது. அழகான பொருள், ஐயா. இப்போது உங்களிடம் இருப்பதைப் பார்த்து எடை போடாதீர்கள்.

மாமனார் போன பிறகு என் இரண்டு மச்சான்களும் சொத்தைப் பிரித்துக்கொண்டார்கள். வீட்டுக் கூடத்தின் நடுவில் சுவர் எழுந்தது. தோட்டத்தில் வேலி. கூடத்தில் ஒரு பெரிய அலமாரி இருந்தது, அதற்கும் இரண்டு பேரும் பிடிவாதம் பிடித்தார்கள். கடைசியில் அதை நடுவில் அறுத்து ஆளுக்கு ஒரு கதவு என்று கொடுத்தோம். ரம்பம் பிடித்தது நான்தான். வீட்டு மாப்பிள்ளை பொது ஆள் இல்லையா, இரண்டு பக்கமும் நம்புவார்கள். அலமாரியை அறுத்து முடித்ததும் சின்ன மச்சானுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"துப்பாக்கியிலயும் குழல் ரெண்டு இருக்கே அத்தான், நடுவுல பிரிக்க முடியாதா?" என்றார்.

முடியாது என்று பொறுமையாகச் சொன்னேன். தோட்டத்துக்குப் பன்றி வருகிறது, இரண்டு பேருக்கும் துப்பாக்கி வேண்டும். அதனால் நானே ஒரு ஏற்பாடு சொன்னேன். வலது குழல் பெரியவருக்கு, இடது குழல் சின்னவருக்கு. துப்பாக்கி ஒரு வாரம் இந்த வீட்டில், ஒரு வாரம் அந்த வீட்டில். யார் வீட்டில் இருந்தாலும் அவரவர் குழலை அவரவர்தான் சுட வேண்டும். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். பிறகு சின்ன மச்சானின் தோட்டாவைப் பெரியவர் எடுத்துப் பெருச்சாளி சுட்டுவிட்டார் என்று ஒரு சண்டை வந்தது. அன்றிலிருந்து அவரவர் குழலில் அவரவர் தோட்டாவைப் போட்டே வைப்பார்கள். அடுத்தவன் தோட்டாவைக் கழற்றினால் அது திருட்டு. ஆக அந்தத் துப்பாக்கி எப்போதும் இரண்டு தோட்டாவோடு, இரண்டு குதிரையும் பாதி ஏற்றத்தில் இருக்கும். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள் என்பதால் கை மாற்றுவதற்கு நடுச்சுவரில் ஒரு பொந்து வெட்டிக் கொடுத்தேன். நெஞ்சு உயரத்தில், துப்பாக்கி நுழைகிற அளவுக்கு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பொந்து வழியே துப்பாக்கி போகும். பின்னாலிருக்கும் மரக்கட்டைப் பக்கத்தை முன்னால் நீட்டிக் கொடுங்கள், அதுதான் முறை என்று இரண்டு பேரிடமும் சொன்னேன். "அவனுக்கு எதுக்கு மரியாதை" என்றார் பெரியவர். "அவருக்கு எதுக்கு மரியாதை" என்றார் சின்னவர். குழல் முனையைத்தான் முதலில் நீட்டுவார்கள். வாங்குகிறவர் அதை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து இழுத்துக்கொள்வார். இப்படியே வருஷக்கணக்கில் நடந்தது, ஒன்றும் ஆகவில்லை. அந்தக் காலத்தில் குதிரைகள் நல்ல நிலையில் இருந்தன.

இப்போது என் மனைவி. அவள் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பிறந்தவள். மச்சான்களின் மனைவிமார் சுவர் எழும்பிய வேகத்தைப் பார்த்துவிட்டுப் பிறந்த வீட்டுக்குப் போனவர்கள்தான், புத்திசாலிகள், திரும்பவில்லை. அதனால் அண்ணனுக்கும் தம்பிக்கும் சமையல் என் மனைவி பொறுப்பு. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு. காலையில் போய்ப் பெரியவர் அடுப்பில் ஒன்று வைப்பாள். தெருவைச் சுற்றிக்கொண்டு போய்ச் சின்னவர் அடுப்பில் ஒன்று வைப்பாள். நடுவில் பேச்சைச் சுமப்பாள். இவர் "அந்த நாயிகிட்ட சொல்லு" என்று ஆரம்பிப்பதை அவள் அந்தப் பக்கம் போய் "அண்ணன் கேட்டாங்க" என்று மாற்றிச் சொல்வாள். அந்தப் பக்கத்துப் பதிலையும் அதே மாதிரி கழுவித் துடைத்துக் கொண்டுவருவாள். இவ்வளவும் முடித்து வீட்டுக்கு வந்து, நின்றபடி இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, மறுபடி கிளம்பிவிடுவாள்.

எங்கள் சாப்பாட்டு மேசைக்கு இரண்டு நாற்காலி. ஒன்றில் நான் உட்காருவேன். இன்னொன்றில் அவளுடைய குடை இருக்கும். எனக்கு உலகத்தில் வேறு ஆசை கிடையாது, ஐயா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அந்தக் குடையை எடுத்துவிட்டு உட்கார்ந்து, என்னோடு பேசிக்கொண்டு, அவசரப்படாமல் சாப்பிட வேண்டும். பெரிய ஆசையா சொல்லுங்கள்.

போன மாதம் ஒரு காலை பெரியவர் வீட்டில் ஆணியில் மாட்டியிருந்த துப்பாக்கி தானாக வெடித்துக் கூரையில் ஓட்டை போட்டது. துணியில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு என் மனைவிதான் என் கடைக்குக் கொண்டுவந்தாள். கடை என்றால் எங்கள் வீட்டின் முன்னறைதான். முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு.

"சத்தம் கேட்டதும் சின்னவன் செருப்புகூட போடாம தெருவழியா ஓடி வந்துட்டான். அண்ணனுக்கு என்ன ஆச்சோன்னு. எத்தனை வருஷம் ஆச்சு அவன் அந்த வாசப்படி ஏறி."

"அண்ணன் என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

அவள் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. "செத்தேனான்னு பாக்க வந்தியான்னு கேட்டாங்க. ஆனா அது கோவத்துல சொன்னது. மனசுக்குள்ள ரெண்டு பேருக்கும் பாசம் இருக்குங்க. சேந்துருவாங்க பாருங்க."

சேர்ந்துவிட்டால் அவள் இந்த வீட்டுக்குத் தூங்கக்கூட வர மாட்டாளே என்று எனக்குத் தோன்றியது. அந்த யோசனையை ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

என் சோதனை முறையைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். முதலில் இடது குழலில் இருந்த தோட்டாவை எடுத்தேன். குழல்களைக் கழற்றி ஒரு விரலில் தொங்கவிட்டு, மறு கையின் மடக்கிய விரலால் தட்டினேன். நல்ல குழல் கோயில் மணியாட்டம் இழுத்து ஒலிக்கும். இது சளி பிடித்தவன் இருமுகிற மாதிரி பதில் சொன்னது. உள்ளே விளக்கு வைத்துப் பார்த்தேன். இடது குழலில், தோட்டா உட்காரும் இடத்துக்கு ஒட்டி, துரு தின்று சுவர் மெலிந்துபோயிருந்தது. தோட்டத்து ஈரத்தில் சின்னவர் குழலைத் துடைக்காமல் வைப்பார், பல தடவை சொல்லியிருக்கிறேன். இன்னொரு தோட்டாவைத் தாங்காது. வலது குழல் குற்றமில்லை, ஆனால் அதன் குதிரையில் பாதி ஏற்றத்து வெட்டு தேய்ந்து வழுவழுவென்று ஆகிவிட்டது. கையால் லேசாகத் தட்டினேன், விழுந்தது. மறுபடி ஏற்றித் தட்டினேன், விழுந்தது. இடது குதிரையும் அதற்குத் துணைக்கு வருகிற நிலைதான். பக்கத்தில் பெரிய அதிர்ச்சி கொடுத்தால் அதுவும் இறங்கிவிடும். இது ஒன்றுகூட என் கண்ணுக்குத் தப்பவில்லை. கவனக்குறைவாம்.

பார்த்து முடித்ததும் இரண்டு குதிரையிலும் சிவப்பு நூல் கட்டினேன். அது என் கடை வழக்கம். சுடக்கூடாத பக்கத்துக் குதிரையில் சிவப்பு நூல். துப்பாக்கி வைத்திருக்கிறவர்களுக்கெல்லாம் இது தெரியும். பழுது பார்த்து, கொல்லையில் பழைய டயர்மேல் துப்பாக்கியைக் கட்டி, தள்ளி நின்று கயிற்றால் விசையை இழுத்து, ஒரு பக்கத்துக்கு ஒரு வெடி வெடித்துப் பார்த்த பிறகுதான் அந்த நூலை அறுப்பேன். நூலை முறுக்கி, மெழுகு தடவி, சுருட்டித் தருவது என் மனைவி. வெடிச் சத்தம் கேட்டதும் அடுப்படியிலிருந்து "ஆச்சா?" என்பாள். "ஆச்சு" என்பேன். எங்கள் வீட்டில் தவறாமல் நடக்கிற பேச்சு அது ஒன்றுதான்.

மறுநாள் பெரிய மச்சான் வந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து துப்பாக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கம் என்ன கோளாறு என்று விளக்கினேன். கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மாப்ள, என் பக்கத்த நல்லா பண்ணிரு. அவன் பக்கத்துல கை வைக்காத."

"குழல் கிழிஞ்சிரும் மச்சான். பிடிச்சிருக்கவன் கை இருக்காது. முகமும் இருக்காது."

"அவன் குழல், அவன் பாடு." எழுந்து வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். "அந்த நூலை மட்டும் அவுத்துரு. பாத்தா பயந்துக்குவான், பாவம்."

அன்று சாயங்காலமே சின்ன மச்சான் வந்தார். அதே ஸ்டூல். அவரிடமும் அதே விளக்கத்தைச் சொன்னேன்.

"அத்தான், நம்ம பக்கத்த பக்காவா பண்ணிருங்க. அண்ணன் பக்கத்த அப்படியே விட்ருங்க."

"குதிரை நிக்காது தம்பி. யாராவது முன்னால நின்னா அவ்வளவுதான். இல்ல, அவரே குனிஞ்சு எடுக்கும்போது வெடிக்கும்."

"வெடிக்கட்டும். செத்தேனான்னு பாக்க வந்தியான்னு கேட்டாருல்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "நூலை எடுத்துருங்க. அக்கா பாத்தா வருத்தப்படும்."

ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் நன்றாக உறைத்தது. இரண்டு பேரும் போகும்போது என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள், அதுவும் ஒரே தோளை.

நான் யோசித்தேன், ஐயா. அவசரப்பட்டு எதையும் செய்கிற ஆள் இல்லை நான். ஒவ்வொருவரும் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார்கள். தன் பக்கம் சரியாக வேண்டும், அடுத்தவன் பக்கம் சரியாகக்கூடாது. இரண்டு பக்கத்தையும் சரிசெய்தால் ஆளுக்கு ஒரு ஆசை நிறைவேறும், ஒரு ஆசை கெடும். இரண்டு பக்கத்தையும் அப்படியே விட்டாலும் ஆளுக்கு ஒரு ஆசை நிறைவேறும், ஒரு ஆசை கெடும். எந்த வழியில் போனாலும் சமம். அப்படி இருக்கும்போது வேலை குறைவான வழியைத்தானே எந்த வேலைக்காரனும் எடுப்பான்? நீங்களே என் ஸ்டூலில் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள், இதே முடிவுக்குத்தான் வருவீர்கள். நான் யார் பக்கமும் சாயவில்லை.

ஆனால் சும்மா இருந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கட்டையைத் தேய்த்து எண்ணெய் ஊறவைத்தேன். பிடியில் இருந்த கோட்டு வேலைப்பாட்டில் ஒரு தலைமுறை அழுக்கு, அத்தனையையும் ஊசியால் எடுத்தேன். குழல்களின் வெளிப்பக்கத்தைப் பளபளவென்று ஆக்கினேன். பிறகு கத்தரிக்கோலை எடுத்து இரண்டு நூலையும் அறுத்தேன். மெழுகு நூல், வீணாக்குவானேன் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திருப்பிக் கொடுக்கும்போது துப்பாக்கி காலியாகத்தான் இருந்தது. வழியில் சின்னவரிடம் ஒரு தடவை காட்டிவிட்டுத்தான் என் மனைவி அதைப் பெரியவர் வீட்டில் கொடுத்தாள்; தோட்டாவைப் போட்டது அவரவர்தான், அவரவர் குழலில். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

துப்பாக்கியை எடுத்துப்போக வந்தபோது என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள். "டெஸ்ட் பண்ணியாச்சா? சத்தமே கேக்கலையே?"

"நீ அங்க சமைக்கப் போயிருந்தப்ப பண்ணிட்டேன்" என்றேன்.

அவள் எந்நேரமும் அங்கேதானே இருக்கிறாள், பொய் சுலபமாக நின்றுவிட்டது. சரி என்று துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அவ்வளவு அழகாகத் துடைத்து வைத்திருந்தேன், அவளுக்கு அது பெருமையாக இருந்திருக்க வேண்டும். தெரு திரும்பும்வரை துணிக்கு மேலேயே கட்டையைத் தடவிக்கொண்டு போனாள்.

நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கவனமாக வேலை செய்கிறவனுக்கு அரைகுறையாகச் சொல்வது பிடிக்காது. அந்தச் சுவர்ப் பொந்துக்கு ஒரு மரச்சட்டம் இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். உங்கள் ஆட்கள் அதை அளந்தும் இருப்பார்கள். அது பழைய சட்டம் இல்லை. பொந்தின் விளிம்பில் காரை உதிர்ந்து மண் கொட்டுகிறது என்று சின்னவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். துப்பாக்கி என் கடையில் இருந்தபோது அதையே வைத்து அளவெடுத்து ஒரு சட்டம் செய்தேன். துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்த வாரத்தில் போய்ப் பொருத்தினேன். குழல் தாராளமாகப் போகும், கட்டை தாராளமாகப் போகும். குதிரைகள் மட்டும் மேல் விளிம்பில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகும். முனையை முன்னால் நீட்டித் தள்ளுகிறபோது விளிம்பு குதிரையைப் பின்னால் இழுக்கும், வழுக்கி விடும்போது குதிரை முன்னால் பாயும். நல்ல வெட்டாக இருந்தால் பாதியில் பிடித்துக்கொண்டிருக்கும். மழையில் மரம் ஊதிச் சட்டம் இறுகியிருக்கும் என்று உங்கள் ஆள் ஒருவர் சொன்னாராம். இந்த மாதம் மழையே பெய்யவில்லையே, ஐயா. மரம் நான் சீவிய அளவில்தான் இருக்கிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மனைவியிடம் பேசினேன். ஒவ்வொரு வாரமும் கை மாற்றும்போது அவள் பொந்தின் ஏதாவது ஒரு பக்கம் நின்று, "அண்ணன் குடுக்கிறாங்க, வாங்கிக்கடா" என்று சொல்வது வழக்கம். அவள் அங்கே நிற்கக்கூடாது. அதில் நான் ரொம்ப உறுதியாக இருந்தேன்.

"இன்னிக்கு ஒரு நாள் மத்தியானம் என்கூட உக்காந்து சாப்பிடேன்" என்றேன்.

ஏதோ சொல்ல வாயெடுத்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "இத்தனை வருஷத்துல நீங்க வாயத் திறந்து கேட்டதே இல்லையே" என்றாள். அவள் கண் கலங்கியது. காலையிலேயே இரண்டு வீட்டுக்கும் சமைத்துவைத்துவிட்டு ஓடி வந்தாள். குடையை எடுத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டினாள். தலையைக்கூடச் சீவிக்கொண்டாள். மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். நானே பரிமாறினேன். நான் சந்தோஷமாக இருந்தேன், ஐயா. இப்படி ஒரு நாள் வரும் என்று நம்பிக்கையே விட்டுப்போயிருந்தது.

அவள் இரண்டாவது வாய் எடுக்கும்போது சத்தம் கேட்டது. ஒன்று, உடனே இன்னொன்று.

பன்றி வந்திருக்கும் என்று சொல்லி அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் போட்டேன். அவள் கை அப்படியே நின்றது. அழவில்லை, எழுந்து ஓடவில்லை. வெறுமனே காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்க வெடிச்சா இங்க இவ்வளவு நல்லா கேக்குதே" என்றாள்.

நல்ல காது அவளுக்கு. சாப்பிடு, ஆறிவிடும் என்றேன். அப்புறம்தான் எழுந்து ஓடினாள், கையைக்கூடக் கழுவவில்லை.

என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். பெரியவர் குழல் முனையைப் பொந்துக்குள் நீட்டித் தள்ளியிருக்கிறார். அந்தப் பக்கம் சின்னவர் நெஞ்சுக்கு நேராகப் பிடித்து இழுத்திருக்கிறார். வலது குதிரை சட்டத்தில் தட்டி விழுந்தது, சின்னவர் அங்கேயே போய்விட்டார். அந்த அதிர்ச்சியில் இடது குதிரையும் இறங்கி, துரு தின்ற குழல் பெரியவர் கையிலேயே கிழிந்தது. யோசித்துப் பாருங்கள். வலது பக்கத்தை அப்படியே விடச் சொன்னவர் சின்னவர். அது அவருக்கே போய்ச் சேர்ந்தது. இடது பக்கத்தில் கை வைக்காதே என்றவர் பெரியவர். அது அவருக்கே போய்ச் சேர்ந்தது. யார் கேட்டது யாருக்கும் மாறிப் போகவில்லை.

பெரியவர் சாயங்காலம் வரை ஆஸ்பத்திரியில் உயிரோடு இருந்தார். கட்டுக்கு வெளியே ஒரு கண்ணும் பாதி வாயும்தான் தெரிந்தன. என்னை மட்டும் கிட்டே கூப்பிட்டார்.

"அவன் பக்கத்த... அப்படியேதான விட்ட?"

"ஆமா மச்சான். நீங்க சொன்னபடிதான்" என்றேன்.

அது உண்மைதானே. அவர் முகம் தெளிந்தது. சாகப்போகிறவரிடம் பொய் சொல்லவில்லை என்ற நிம்மதி எனக்கும் இருந்தது. அவருடைய பக்கத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு என் வீட்டில் அமைதிதான். என் மனைவி எங்கேயும் போவதில்லை. எந்நேரமும் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறாள், குடை இன்னும் கதவுக்குப் பின்னாலேயே தொங்குகிறது. சாப்பாடு எடுத்து வைப்பாள். எனக்கு எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் சாப்பிடுவதில்லை. பேசுவதும் இல்லை. வயிறு சரியில்லாமல் இருக்கும். இத்தனை வருஷம் நின்றபடி சாப்பிட்ட உடம்பு, உட்கார்ந்து சாப்பிடப் பழக நாளாகும். நான் அவசரப்படுத்தவில்லை. முந்தாநாள் என் சட்டைகளையெல்லாம் எடுத்துத் துவைத்துப்போட்டாள். பாருங்கள், வீட்டு வேலையில் மனம் திரும்பிவிட்டது.

மேசைமேல் அந்தக் காகிதப் பொட்டலம் எதற்கு, ஐயா? பிரிக்க வேண்டாம். மடித்திருக்கிற விதமே சொல்கிறது. நாலாக மடித்து ஓரத்தைச் செருகுவாள், நூல் சுருட்டித் தரும்போதும் அப்படித்தான் தருவாள். உள்ளே இரண்டு துண்டு சிவப்பு நூல் இருக்கும், இரண்டும் கத்தரிக்கோலால் அறுத்தது. சட்டைப் பையிலிருந்து எடுத்திருப்பாள். ஒரு பொருளை வீணாக்க மாட்டாள், அந்த விஷயத்தில் என்னைப் போலவேதான். சத்தம் கேட்காமல் நூல் அறுந்திருக்கிறது என்று உங்களிடம் அவளே விளக்கியிருப்பாளே. என் தொழிலை இவ்வளவு நன்றாகத் தெரிந்துவைத்திருக்கிறாள் என்று கேட்கும்போது மனதுக்கு நிறைவாக இருக்கிறது.

ஆகவே நீங்கள் எழுதியதை இப்படித் திருத்திக்கொள்ளுங்கள். கவனக்குறைவு இல்லை. இரண்டு பக்கமும் என்ன ஆகும் என்று தெரிந்து, சட்டத்தை அளவாகச் சீவி, நூலை அறுத்து, முழுக் கவனத்தோடு செய்தேன். அவர்களைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள்.

வெளியே பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள் என்கிறீர்கள். என்னைப் பார்க்க வரவில்லை, நான் கையெழுத்துப் போட்டேனா என்று தெரிந்த பிறகுதான் எழுந்து போவதாகச் சொன்னாளா? அப்படித்தான் பேசுவாள், மனசுக்குள் பாசம் இருக்கும். இன்று ஞாயிற்றுக்கிழமை வேறு. இந்த நாற்காலிக் காலைச் சரிசெய்ய எனக்குக் கொஞ்ச நேரம் போதும், ஐயா. அவளை முன்னால் வீட்டுக்குப் போய் இரண்டு தட்டு எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.